கட்டூஸோ: நல்ல பயிற்சியாளரா, நல்ல மனிதர் மட்டுமா?

பழைய_மிலான்:
பக்கத்து இழையில் ஒருவர் "கட்டூஸோ பயிற்சியாளரே இல்லை, ஓரத்தில் நின்று கத்துகிற ஆள்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மிலானிலும் இத்தாலியிலும் நடுக்களத்தில் ஆடிவிட்டுப் பிறகு கால்பந்துப் பயிற்சியாளரான கட்டூஸோவைத்தான் சொல்கிறார். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த இழை. ஒரே ஒரு வேண்டுகோள்: தேசிய அணியை இதில் இழுக்காதீர்கள், அதற்குத் தனி இழை ஓடுகிறது. இங்கே கிளப் கணக்கு மட்டும்.

மிலானில் 2017 நவம்பர் கடைசியில் பயிற்சியாளர் மொன்டெல்லாவை அனுப்பிவிட்டு இவரை உட்கார வைத்தார்கள். அடுத்த பருவத்தில் 68 புள்ளி. ஐந்தாம் இடம். அட்டலாண்டாவும் இன்டரும் தலா 69. முதல் நான்கு இடத்துக்குத்தான் சாம்பியன்ஸ் லீக், அது ஒரு புள்ளி வித்தியாசத்தில் போச்சு. அந்த அணியில் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முன்கள வீரர் ஹிகுவாயின் பாதிப் பருவத்திலேயே செல்சிக்குக் கிளம்பிவிட்டார். 2013க்குப் பிறகு அதுவரை மிலான் அவ்வளவு புள்ளி எடுத்ததே இல்லை. அப்புறம் வந்த பயிற்சியாளர் ஜியாம்பவுலோ ஏழே லீக் ஆட்டத்தில் வீட்டுக்குப் போனார்.

ஆஃப்சைடு_கொடி:
68 புள்ளியைச் சொன்னீர்கள், முதல் ஆட்டத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? பெனவென்டோ. அதுவரை ஆடிய 14 ஆட்டத்திலும் தோற்று, சீரி ஆ (இத்தாலியின் முதல்நிலை லீக்) வரலாற்றிலேயே ஒரு புள்ளி கூட எடுக்காத அணி. 95ஆம் நிமிடத்தில் அவர்கள் கோல்கீப்பர் பிரிஞ்ஞோலி மேலே வந்து தலையால் முட்டி கோல் போட்டார். 2-2. கட்டூஸோவின் பயிற்சி வாழ்க்கையே அப்படித்தான்: கடைசி நிமிடத்தில் கையை விட்டு நழுவும். 2019இல் ஒரு புள்ளியில் போச்சு. 2021இல் நாப்போலியோடு மறுபடியும் ஒரு புள்ளியில் போச்சு. குரோஷியாவின் ஹைடுக் ஸ்பிலிட்டில் 2024-25இல் கடைசி வாரங்கள் வரை பட்டப் போட்டியில் இருந்துவிட்டு மூன்றாம் இடம். ஒரு தடவை என்றால் துரதிர்ஷ்டம். மூன்று தடவை என்றால் ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய_மிலான்:
பிரிஞ்ஞோலி கோல் வந்தபோது அவர் பொறுப்பேற்று ஒரு வாரம் கூட ஆகவில்லை. அதுவும் அவர் கணக்கிலா?

"கடைசியில் நழுவும்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது, உண்மையில்லை. 2018-19இன் கடைசி நான்கு ஆட்டங்களைப் பாருங்கள்: பொலோஞ்ஞா, ஃபியோரென்டினா, ஃப்ரொசினோனே, ஸ்பால். நான்கிலும் வெற்றி. புள்ளி போனது மார்ச், ஏப்ரலில். அந்த மாதங்களைக் குறை சொல்லுங்கள், ஏற்கிறேன்.

கருப்புவெள்ளை_77:
யுவென்டஸ் ரசிகன் நான், சிரித்துக்கொண்டே படிக்கிறேன். 2020-21ஐ நினைவுபடுத்தட்டுமா? ஒரு பக்கம் நாப்போலியின் பயிற்சியாளர் கட்டூஸோ, மறுபக்கம் எங்கள் பயிற்சியாளர் பிர்லோ. மிலானிலும் 2006 உலகக் கோப்பையிலும் ஒன்றாக நடுக்களத்தில் ஆடியவர்கள். இவர் பந்தைப் பறித்துக் கொடுப்பார், அவர் அதை வைத்து ஓவியம் வரைவார். பயிற்சியாளர்களாக நேருக்கு நேர் வந்தபோது இத்தாலிய சூப்பர் கோப்பையை 2-0 என்று பிர்லோ எடுத்தார். லீக்கில் ஆளுக்கொரு வெற்றி. முடிவில் யுவென்டஸ் 78, நாப்போலி 77. அதற்கு முன் ஒரு ஆட்டத்துக்குக் கூடப் பயிற்சியாளராக இருந்திராத மனிதர் முந்திவிட்டார்.

வெசுவியோ:
சிரிக்கலாம் நண்பரே, ஆனால் பாதிக் கதையைச் சொல்லிவிட்டுச் சிரிக்காதீர்கள்.

பிர்லோ வாங்கியது ஒன்பது வருடம் தொடர்ந்து பட்டம் வென்ற அணி. ரொனால்டோ இருந்தார். அந்த அணி நான்காம் இடத்துக்குத் தப்பிப் பிழைத்தது. மார்ச்சில் போர்த்தோவிடம் வெளிமைதானக் கோல் கணக்கில் பின்தங்கி சாம்பியன்ஸ் லீக்கை விட்டு வெளியே. அதே மாதம் சொந்த மைதானத்தில் பெனவென்டோவிடம் 0-1. பயிற்சியாளர் பிலிப்போ இன்ஸாகி, அவரும் அதே மிலான் கூட்டம்தான். ஆக பெனவென்டோ கட்டூஸோ, பிர்லோ இருவரையும் தலைகுனிய வைத்திருக்கிறது. மேலே கொடி தூக்கியவர் ஒருவரை மட்டும் சொல்லிவிட்டார்.

கட்டூஸோவின் அந்த வருடம் எப்படி இருந்தது? பெரிய காசு கொடுத்து வாங்கிய முன்கள வீரர் ஒசிமென் தோள் காயத்தாலும் கோவிடாலும் மாதக்கணக்கில் ஆடவில்லை. அக்டோபரில் சுகாதாரத் துறை பயணத்தைத் தடுத்ததால் யுவென்டஸோடு ஆட நாப்போலி டூரினுக்குப் போகவில்லை. உடனே 0-3 தோல்வி என்று எழுதி, ஒரு புள்ளியையும் வெட்டினார்கள். டிசம்பரில்தான் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அந்த மாதமே அவர் கண்ணைப் பாதிக்கும் தசைநோயோடு, ஒரு கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார். இதற்கு நடுவில் 77 புள்ளி. கடைசி நாளில் வெரோனாவோடு 1-1, அதுதான் கொன்றது. அன்று ராத்திரி நான் தொலைக்காட்சியை அணைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன், அதை விடுங்கள்.

அதற்கு முந்தின வருடம் ஆன்செலொட்டியை நீக்கிய இடத்தில் வந்து, ஆறு மாதத்தில் கோப்பா இத்தாலியா, அதாவது இத்தாலியக் கோப்பை. ரோமில், காலி மைதானத்தில், யுவென்டஸை பெனால்டியில். அவர் தங்கை இறந்து சில வாரம் கூட ஆகவில்லை.

ஆஃப்சைடு_கொடி:
தங்கை விஷயத்தில் யாருக்கும் மனம் கல் இல்லை. ஆனால் கவனியுங்கள், கட்டூஸோ பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சு இப்படித்தான் போகிறது: நோய், துக்கம், நேர்மை, சம்பளத்தை விட்டுக்கொடுத்தது. ஒரு பயிற்சியாளரின் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

நான் பேசுகிறேன். அந்த இறுதி ஆட்டத்தில் டிபாலாவின் பெனால்டியைப் பிடித்தது மெரெட். அவர் ஏன் நின்றார்? இன்னொரு கோல்கீப்பர் ஒஸ்பினா தடையில் இருந்ததால். வழக்கமாக மெரெட்டை உட்கார வைத்து, கால் நன்றாக வரும் என்று ஒஸ்பினாவை எடுப்பவர் கட்டூஸோ.

அடுத்து நடுக்கள வீரர் லொபோட்கா. 2020 ஜனவரியில் வாங்கினார்கள். கட்டூஸோவிடம் கிட்டத்தட்ட மறந்துபோன பொருள். அடுத்த பயிற்சியாளராக ஸ்பல்லெட்டி வந்தார், அதே ஆளை நடுவில் நிறுத்தினார், 2023இல் 33 வருடத்துக்குப் பிறகு நாப்போலி பட்டம் வென்றது. ஒசிமென், டி லொரென்சோ, ர்ரஹ்மானி எல்லோரும் கட்டூஸோ கையில் இருந்தவர்கள். வீட்டில் இருந்த அரிசியும் பருப்பும் அதேதான், சமைத்தவர் மாறினார்.

நடுக்களம்:
இந்த லொபோட்கா வாதம் கனமானது, இதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆடும் காலத்தில் கட்டூஸோ முரட்டு ஆள். 2011இல் டாட்டனம் ஆட்டம் முடிந்ததும் அவர்கள் பயிற்சிக் குழுவில் இருந்த ஜோ ஜோர்டனைத் தலையால் முட்டித் தடை வாங்கியவர், அதுவும் ஒரு காலத்தில் மிலானுக்கே ஆடியவரை. ஆனால் பயிற்சியாளராக அவர் விரும்புவது கோல்கீப்பரிலிருந்து குட்டிக் குட்டிப் பாஸாகக் கட்டி வருவது. ஒஸ்பினா விவகாரமே அதன் சாட்சி. கத்துகிற ஆள் என்பவர்கள் அவர் அணி ஆடியதைப் பார்க்கவில்லை. அது எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பது வேறு கேள்வி.

பழைய_மிலான்:
நேர்ப் பதில். லொபோட்கா அப்போது எடையோடு திணறிக்கொண்டிருந்தார், காயமும் இருந்தது. கட்டூஸோ நடுவில் நம்பியது பகயோகோவை. பகயோகோவோடு அவருக்கு மிலானில் 2019 மேயில் பெஞ்சிலேயே வாய்ச்சண்டை, கேமரா முன்னால். அடுத்த வருடம் நாப்போலிக்கு அதே ஆளைக் கடனாக எடுத்தார். மனக்கசப்பை வைத்து அணி எடுக்கும் ஆள் இல்லை.

நீங்கள் யாரும் தொடாத இடம் பிசா. 2016இல் ப்ளே ஆஃப் இறுதியில் ஃபோஜாவை வென்று இரண்டாம் நிலை லீக்கான சீரி பிக்கு ஏற்றினார். ஃபோஜா மைதானத்தில் பாட்டில் வந்து தலையில் விழுந்தது, ஆனாலும் முடித்தார். அதற்கு முன் கிரீஸில் ஓஎஃப்ஐ கிரீட். கிளப்பில் காசே இல்லை, வீரர்களுக்குச் சம்பளம் வரவில்லை, அந்தப் பருவத்திலேயே கிளப் லீக்கை விட்டு விலகியது. அங்கே அவர் கொதித்துப் பேசிய பத்திரிகையாளர் சந்திப்பை வீடியோவாகப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர், அவர் எதற்குக் கொதித்தார் என்று கேட்டவர்கள் சிலர்தான்.

ஆஃப்சைடு_கொடி:
பிசாவையும் முழுதாகச் சொல்லுங்கள். அடுத்த வருடமே சீரி பியிலிருந்து திரும்ப இறங்கியது.

சரி, பட்டியல்: பலேர்மோ ஆறு லீக் ஆட்டம். ஃபியோரென்டினா, கையெழுத்துப் போட்டு ஒரு ஆட்டம் கூட இல்லாமல் பிரிவு. வலென்சியா, ஏழு மாதம், இறங்கும் இடத்துக்கு அருகில். மார்செய், ஐந்து மாதம். இதில் எத்தனை முதலாளிகள் கெட்டவர்கள், எத்தனை விளையாட்டுத் துறை இயக்குநர்கள் கெட்டவர்கள்? எல்லா ஊரிலுமா?

பழைய_மிலான்:
வலென்சியாவும் மார்செயும் அந்த வருடங்களில் எத்தனை பயிற்சியாளரை மாற்றின என்று எண்ணிவிட்டு வாருங்கள். மார்செயில் அவர் வந்ததே, பயிற்சியாளர் மார்சலீனோ பருவம் தொடங்கிச் சில வாரத்தில் ஓடிப்போன இடத்துக்கு.

வெசுவியோ:
கொடி அண்ணன் சொன்ன பட்டியலில் எனக்கு உறுத்துவது வலென்சியாதான். அங்கே பின்னால் இருந்து கட்டுகிறேன் என்று அணி பந்தைத் தொலைத்துக்கொண்டே இருந்தது, அவர் மாற்றவே இல்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் 77 புள்ளியை யாராலும் அழிக்க முடியாது. பல பருவங்களில் அது சாம்பியன்ஸ் லீக் இடத்துக்குத் தாராளமாகப் போதும்.

கருப்புவெள்ளை_77:
அந்தப் பருவத்தில் போதவில்லை. 78 வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்தது.

நடுக்களம்:
இருந்தும் பிர்லோவை ஜூனுக்குள் நீக்கிவிட்டீர்களே. அதன் பிறகு துருக்கியில் காராகும்ரூக், இத்தாலியில் சம்ப்டோரியா. சம்ப்டோரியாவிலும் மூன்று ஆட்டத்தோடு 2024 ஆகஸ்டில் வெளியே. அந்த 78ஐக் கட்டூஸோவுக்கு எதிராக நீட்டுகிறவர், பிர்லோவை நல்ல பயிற்சியாளர் என்று இங்கே எழுதத் தயாரா?

கருப்புவெள்ளை_77:
ஒரு வருடத்தில் இரண்டு கோப்பை. எழுதத் தயார்.

ஆஃப்சைடு_கொடி:
நான் இரண்டு பேரையும் எழுத மாட்டேன்.