கார்னெலுக்கு எர்லி டிசிஷன், ஸ்டான்ஃபோர்டுக்கும் எர்லி: இரண்டும் போடலாமா?

வெண்பனி:
வணக்கம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அமெரிக்காவில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கிறாள். நாங்கள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் இல்லை. முழுச் செலவையும் எங்களால் தாங்க முடியாது, உதவித்தொகை கேட்டே ஆக வேண்டும். கார்னெலும் ஸ்டான்ஃபோர்டும் அவளுக்குப் பிடித்தவை. இரண்டுக்கும் நவம்பர் 1-க்குள் எர்லியில், அதாவது முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்றில், போடலாமா? எர்லியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்கிறார்களே, உண்மையா? ஆக்ஸ்ஃபோர்டும் பட்டியலில் இருக்கிறது.

நெடுஞ்சாலை:
இரண்டுக்கும் எர்லி போட முடியாது. கார்னெலில் இருப்பது எர்லி டிசிஷன். இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்று மாணவி, பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் அது. ஸ்டான்ஃபோர்டில் இருப்பது ரெஸ்ட்ரிக்டிவ் எர்லி ஆக்‌ஷன். கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம். ஆனால் அங்கே எர்லி போட்டால் வேறு தனியார் பல்கலைக்கழகம் எதற்கும் அப்போது எர்லி போடக்கூடாது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டனிலும் ஏறக்குறைய இதே விதிதான். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் விலக்கு உண்டு, அதனால் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தடையில்லை. அதற்கு யூகாஸ் (பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளம்) கெடு அக்டோபர் 15, பிரிட்டன் நேரப்படி மாலை 6 மணி. நுழைவுத் தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், அதை மறந்துவிட்டு யூகாஸ் மட்டும் அனுப்பிப் பயனில்லை.

வாய்ப்பு விகிதத்தைப் பற்றி: எர்லி விகிதம் பெரிதாகத் தெரிவது உண்மை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பயிற்சியாளர்கள் முன்பே தேர்ந்துவைத்த விளையாட்டு வீரர்களும், பல இடங்களில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கும். எர்லி டிசிஷனில் ஓரளவு அனுகூலம் மிஞ்சும், ஏனென்றால் வருவது உறுதியான மாணவரை எடுப்பது பல்கலைக்கழகத்துக்கு வசதி. எர்லி ஆக்‌ஷனில் அந்த உறுதி இல்லாததால் அனுகூலமும் குறைவு.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது பணத்தை. கார்னெலும் ஸ்டான்ஃபோர்டும் வெளிநாட்டு மாணவர்களைத் தேர்வு செய்யும்போது உதவி கேட்டிருக்கிறார்களா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அதைப் பார்க்காமலே தேர்வு செய்யும் இடங்கள் மிகச் சில: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், போடன், பிரவுன் போன்றவை. அதற்காக உதவி வேண்டாம் என்று எழுதிவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பின்னர் நான்கு ஆண்டும் கதவு மூடியிருப்பதே பெரும்பாலான இடங்களில் நிலை.

கூழாங்கல்:
மேலே சொன்னது சரி. நடைமுறையில் எர்லி விண்ணப்பம் கவிழ்வது பெரும்பாலும் பள்ளித் தரப்புக் காகிதங்களால். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் ஆகஸ்ட் 1-இல் திறக்கும். ஆசிரியர் பரிந்துரை கேட்பதற்கு முன் ஃபெர்பா (மாணவர் ஆவணங்களைப் பார்க்கும் உரிமை பற்றிய அமெரிக்கச் சட்டம்) பகுதியை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அழைப்பே போகாது. அதில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதே நல்லது, அப்போதுதான் கடிதத்துக்கு மதிப்பு. ஒரு ஆசிரியர் படிவத்தை அனுப்பிவிட்டால் அந்தத் தெரிவை மாற்ற முடியாது. பரிந்துரை எழுதும் இரண்டு ஆசிரியர்களிடமும் செப்டம்பர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எர்லி டிசிஷன் ஒப்பந்தம் ஆலோசகர் கணக்கிலும் தனியாக வரும், பழக்கமில்லாத பள்ளிகளில் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

கார்னெலும் ஸ்டான்ஃபோர்டும் 2026 சேர்க்கையிலிருந்து எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. என்ற பொதுத் தகுதித் தேர்வு மதிப்பெண்ணைத் திரும்பவும் கட்டாயமாக்கிவிட்டன. ஆகஸ்ட் தேர்வை எழுதிவிட்டு அக்டோபரை மாற்று வாய்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கார்னெலில் கணினி அறிவியலை இன்ஜினியரிங் வழியாகவும் படிக்கலாம், ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸ் வழியாகவும் படிக்கலாம். எது என்று விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும், துணைக் கட்டுரைகளும் அதற்கேற்ப மாறும். 650 சொல் முதன்மைக் கட்டுரையைத் தேய்த்துத் தேய்த்து எழுதிவிட்டுத் துணைக் கட்டுரைகளைக் கடைசி இரவில் எழுதுவது பெரிய தவறு. தேர்வாளர் மகளின் துறை ஆர்வத்தைத் தேடுவது அவற்றில்தான்.

உதவித்தொகைக்கு சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற குடும்ப வருமான விவரப் படிவம் தனி. முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தது ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். வருமானச் சான்றுகளின் ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படலாம், அக்டோபரிலேயே தயார் செய்யுங்கள். சமர்ப்பித்த சில நாளில் பல்கலைக்கழகம் போர்ட்டல் இணைப்பு அனுப்பும். ஸ்பாமிலும் தேடுங்கள். எந்தக் காகிதம் வரவில்லை என்பது அங்கேதான் தெரியும்.

வெண்பனி:
நன்றி. எர்லி டிசிஷனில் இடம் கிடைத்து, உதவித்தொகை போதவில்லை என்றால்? முடிவு சொல்லாமல் ரெகுலர் (வழக்கமான) சுற்றுக்குத் தள்ளிவைத்தால் என்ன செய்வது?

நெடுஞ்சாலை:
முதலில் உதவித்தொகை அலுவலகத்துக்கு எழுதி, உங்கள் கணக்கை ஆதாரத்தோடு காட்டி மறுபரிசீலனை கேளுங்கள். அப்படியும் கட்டுப்படியாகாவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பார்கள். உரிய நேரத்தில் உதவிக்கு விண்ணப்பித்திருந்தால்தான் இந்தக் காரணம் எடுபடும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதையெல்லாம் முடிக்க வேண்டும். வேறிடத்தில் என்ன கிடைக்கிறது என்று மார்ச் வரை ஒப்பிட்டுப் பார்க்க எர்லி டிசிஷனில் வழியில்லை. பல இடங்களின் தொகையை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும் என்ற நிலை உங்களுடையது என்றால், ஸ்டான்ஃபோர்டு வழியே உங்களுக்குப் பொருந்தும்.

கூழாங்கல்:
தள்ளிவைத்தால் ஒப்பந்தம் அத்தோடு விலகிவிடும். அரையாண்டு மதிப்பெண் அறிக்கையை ஆலோசகர் அனுப்பட்டும். மகள் ஒரு பக்கத்துக்கு மிகாமல், நவம்பருக்குப் பிறகு புதிதாகச் செய்தவற்றை மட்டும் சொல்லும் கடிதம் ஒன்றைப் போர்ட்டலில் ஏற்றட்டும். வாண்டர்பில்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, டஃப்ட்ஸ் போன்றவற்றில் எர்லி டிசிஷனின் இரண்டாம் சுற்று உண்டு. ஜனவரி தொடக்கத்தில் கெடு, பிப்ரவரி நடுவில் முடிவு. டிசம்பர் நடுவில் முதல் முடிவு வந்தபின் ரெகுலர் கெடுவுக்கு மூன்று வாரம்கூட இருக்காது, அதனால் அந்தக் கட்டுரைகளின் வரைவு நவம்பரிலேயே கையில் இருக்கட்டும்.