ராஜினாமா கொடுத்ததும் 5,500 ஏத்தித் தர்றேங்கிறாங்க. இருக்கவா, போகவா?

வடகடல்காரன்:
மண்டபத்துல ஒரு ஏற்றுமதி கம்பெனிக்கு நண்டு, கணவாய் கொள்முதல் பாக்குறேன். 2021 ஜூலை 1-ல சேந்தேன். மொத்தச் சம்பளம் 19,500, அதுல அடிப்படை 12,000. மீன்பிடித் தடைக்காலம் வந்தா (ஏப்ரல் 15 – ஜூன் 14) விசைப்படகு நிக்குது, லோடு இல்லன்னு பாதிச் சம்பளம்தான். வள்ளக்காரங்க (சின்ன நாட்டுப் படகுக்காரங்க) அந்த ரெண்டு மாசமும் நண்டு வலைக்குப் போய்க்கிட்டுதான் இருக்காங்க. வெள்ளன மூணு மணிக்கு எனக்குப் போன் வந்துக்கிட்டுதான் இருக்கு. அதை யார்கிட்ட சொல்ல.

ஏத்திக் கேட்டா "அடுத்த சீசன்"ம்பாரு முதலாளி. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் வரியை 50 சதவீதம் ஆக்கினதும் அந்தப் பேச்சே நின்னுபோச்சு. எங்க நண்டுச் சதை பெரும்பாலும் அங்கதான் போகுது.

இப்ப தூத்துக்குடி கம்பெனி ஒண்ணு 27,000-க்குக் கூப்பிடுது. ஜூன் 15 சேரணுமாம். முதலாளிகிட்ட ராஜினாமா லெட்டரை நீட்டினேன். மறுநாளே 25,000, தடைக்காலத்துலயும் முழுச் சம்பளம், ஏப்ரல் 1-ல இருந்துன்னுட்டாரு முதலாளி. எல்லாம் வாய்வார்த்தைதான். ரெண்டு வருஷமா இல்லாத காசு ஒரே ராத்திரியில எங்கிருந்து வந்துச்சுன்னு சந்தோஷத்துக்கு முன்னாடி கோபம்தான் வந்துச்சு.

கடைசியா இன்னொண்ணு சொன்னாரு: "அட்வான்ஸெல்லாம் அடையுற வரைக்குமாவது இருப்பா." வலைக்கும் இன்ஜினுக்கும் வள்ளக்காரங்களுக்குக் கம்பெனி முன்பணம் கொடுக்கும். அவங்க பிடிக்கிறதை எங்களுக்கே போடணும், கொஞ்சங்கொஞ்சமா கழிச்சுக்குவோம். என் கையால கொடுத்தது மட்டும் சுமார் 6 லட்சம் வெளியில நிக்குது. பணம் கம்பெனிது. வாங்கினவங்க என் முகத்துக்காக வாங்கினாங்க. அட்வான்ஸ் கணக்கு நோட்டுல என் கையெழுத்துதான் இருக்கு.

அம்மாவுக்குக் கிட்னிக் கோளாறு, மதுரை இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீட்டு) ஆஸ்பத்திரியில பாக்குறோம். அதையும் யோசிக்கணும். என்ன செய்யலாம்?

கீழக்கரை காக்கா:
இரு தம்பி. தூத்துக்குடியில உனக்கு எந்தக் கரை தெரியும்? இங்க வாடை அடிச்சு வடகடல் ஓஞ்சா, எந்த ஊரு வள்ளம் தென்கடல்ல இறங்கும், எவன் எடை கூட்ட கணவாயில தண்ணி ஏத்துவான்னு உனக்கு அத்துப்படி. அந்த அறிவுக்குத்தான் சம்பளம். அங்க போனா நீயும் ஒரு ஆபீஸ் ஆளு. 27,000-ல வீட்டு வாடகை போக என்ன மிஞ்சும்? உம்மாவை விட்டுட்டுப் போவியா, கூட்டிட்டுப் போவியா? முதலாளி இறங்கி வந்திருக்காரு, பிடிச்சுக்க.

பழைய கணக்குப்பிள்ளை:
காக்கா சொல்ற வாடகைக் கணக்கு சரி. ஆனா முதலாளியோட கணக்கையும் போட்டுப் பாருங்க. மாசம் 5,500 கூட்டினா வருஷத்துக்கு 66,000. தடைக்காலப் பாதிச் சம்பளத்தையும் சேத்துக்குங்க, ஒரு லட்சம்கூட வராது. அதைச் செலவழிச்சு 6 லட்சத்தை வசூல் பண்ணிட்டா அவருக்கு லாபம்தானே. வசூல் முடிஞ்ச பிறகு உங்க மதிப்பு என்ன? நான் இருபது வருஷம் இந்தத் தொழில்ல கணக்கு எழுதினவன், குத்தம் சொல்றதுக்காகச் சொல்லலை. அவர் இடத்துல யார் இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பாங்க.

அதனால ஒண்ணு கேளுங்க: அட்வான்ஸ் நோட்டை வேற ஒரு ஆள்கிட்ட ஒப்படைச்சிட்டு, அதே 25,000-க்கு நான் இருக்கலாமான்னு. சரின்னா உங்களுக்காகத் தர்றாரு. முகம் மாறினா நோட்டுக்காகத் தர்றாரு. கூட்டுற காசு அடிப்படையில ஏறுதா, 'அலவன்ஸ்'னு போகுதான்னும் பாருங்க. பிஎஃப், பணிக்கொடை ரெண்டுக்கும் பெரும்பாலும் அடிப்படையை வச்சுத்தான் கணக்கு.

போறதா இருந்தா ஜூன் 14-ல கிளம்பாதீங்க, பணிக்கொடைக்கு அஞ்சு வருஷம் ஆகணும், அதுக்கு ரெண்டு வாரம் குறையுது. 12,000-ஐ 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, அஞ்சு வருஷத்துக்குப் போட்டா சுமார் 34,600 பணிக்கொடை. அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருந்தாலே முழு வருஷம்னு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு, ஆனா அதை வச்சு வாங்க நீங்க மனு எழுதிக்கிட்டு அலையணும். ஜூலை 1 சேர்றேன்னு தூத்துக்குடிக்காரங்ககிட்ட கேட்டா வேலை முடிஞ்சது.

தொண்டிப் பொண்ணு:
அண்ணே, இஎஸ்ஐ பத்தி யாரும் சொல்லல. அதுக்குச் சம்பள வரம்பு மாசம் 21,000. ஏப்ரல் 1-லயே 25,000 ஆச்சுன்னா பிடித்தம் அன்னையோட நின்னுரலாம். ஏற்கனவே கட்டினதுக்கு வைத்தியம் கொஞ்ச காலம் ஓடும், அப்புறம் கிடையாது. ஏப்ரல்–செப்டம்பர் ஒரு பருவம், அக்டோபர்–மார்ச் ஒரு பருவம். பருவத்துக்கு நடுவுல சம்பளம் வரம்பைத் தாண்டினா அந்தப் பருவம் முடியுற வரைக்கும் பிடித்தம் தொடரும். இருக்குறதா முடிவு பண்ணினா மே மாசத்துல இருந்து ஏத்தச் சொல்லுங்க, செப்டம்பர் வரைக்கும் பிடித்தம் ஓடும், அதுக்கான வைத்தியம் அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் கிடைக்கும். ஒரு மாசச் சம்பள உயர்வு போகும், அம்மா வைத்தியச் செலவுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல.

தூத்துக்குடியில 27,000-ல ஆரம்பிச்சா இஎஸ்ஐ-யில சேர்க்காமலே போகலாம். குரூப் இன்சூரன்ஸ் இருக்கா, அதுல பெத்தவங்களைச் சேர்ப்பாங்களா, ஏற்கனவே இருக்குற நோய்க்குக் கொடுப்பாங்களான்னு இப்பவே கேட்டுருங்க. அம்மா மருந்துச் செலவைக் கழிச்சா அந்த 27,000-ம் இந்த 25,000-ம் பக்கத்துல பக்கத்துலதான் வரும்.

வடகடல்காரன்:
நோட்டைப் பத்திக் கேட்டேன். "உன்னை நம்பித்தானே கொடுத்தது, வேற ஆளு எதுக்கு"ன்னாரு. சொன்னதை எழுதித் தாங்கன்னேன், "நமக்குள்ள எதுக்குப்பா பேப்பரு"ன்னுட்டாரு. கோபப்படல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

தூத்துக்குடிக்குப் போன் அடிச்சுக் கேட்டேன். ஜூலை 1 சரிங்கிறாங்க. இன்சூரன்ஸ்ல அம்மாவைச் சேர்க்கலாம், பழைய நோய்க்கு ஒரு வருஷம் கழிச்சுதான் கிடைக்குமாம். இஎஸ்ஐ கார்டு ஓடுற வரைக்கும் மதுரை, அதுக்கப்புறம் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரின்னு வச்சுக்கிட்டுப் போறதா இருக்கேன். காக்கா மன்னிக்கணும். நோட்டை மட்டும் எப்படி ஒப்படைக்கிறதுன்னு சொல்லுங்க.

பழைய கணக்குப்பிள்ளை:
தனியா ஒப்படைக்காதீங்க. கம்பெனி ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு ஒவ்வொரு வள்ளக்காரர்கிட்டயும் போய், பாக்கி இவ்வளவுன்னு அவர் வாயால சொல்ல வச்சு, மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க. தடைக்காலத்துக்கு முன்னாடியே ஆரம்பிங்க. ஒரு நகல் உங்க வீட்டுல இருக்கணும். பாக்கி எதுவும் இல்லன்னு கம்பெனி லெட்டர்பேடுல சீல் வச்சு வாங்கின பிறகு நோட்டைக் கொடுங்க.

கீழக்கரை காக்கா:
மன்னிப்பெல்லாம் எதுக்கு தம்பி. சீலோட தேதியும் போட்டிருக்கான்னு பாத்து வாங்கு.