களத்தில் பழகிய உறுதி கருவாட்டுத் தொழிலில் எதுவரை கைகொடுக்கும்?

கேள்வி: தொண்டிக்கரை

அனைவருக்கும் வணக்கம். தொண்டிக்கு அருகிலுள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவள் நான். பள்ளி நாட்களில் தொடங்கிப் பல்கலைக்கழக அணி வரை கபடியில் ரைடராக (எதிரணிப் பக்கம் பாடிச் சென்று தொட்டுத் திரும்புபவராக) ஆடியிருக்கிறேன். படிப்பு முடிந்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும் இந்த வேளையில், அம்மாவும் சித்தியும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் கருவாட்டு வியாபாரத்தை முறையான ஒரு தொழிலாக மாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். மணலில் பாய் விரித்துக் காயவைத்துச் சந்தைக்குச் சுமந்து சென்ற நிலையை மாற்றி, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பரண்களில் வலை மூடி உலர்த்தி, எடை போட்டுப் பொட்டலமிட்டு, மதுரை, காரைக்குடிக் கடைகளுக்கு நேரடியாக அனுப்புவது எங்கள் திட்டம்.

உறவினர்களும், கடன் விண்ணப்பத்தை நிரப்ப உதவியவர்களும், "விளையாடிய பிள்ளை, எதையும் சமாளித்துவிடும்" என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அதில்தான் ஐயம். அணியில் இருந்தபோது விடியற்காலையில் மைதானத்துக்கு வராவிட்டால் கேட்பதற்கு ஒருவர் இருந்தார்; உடல் எடை கூடினாலும், பிடிபட்டுத் திரும்பினாலும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது நான் ஏலத்துக்குப் போகாமல் தூங்கிவிட்டாலும் கேட்பாரில்லை. அப்படியானால் இத்தனை காலம் என்னிடம் இருந்தது என்னுடைய உறுதியா, என் பயிற்சியாளருடைய உறுதியா? விளையாட்டிலிருந்து தொழிலுக்கு வந்தவர்கள், எது கூடவே வந்தது, எது வரவில்லை என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மண்டபம் வாலிபால்

சகோதரிக்கு வணக்கம். நான் மாவட்ட அணியில் வாலிபால் ஆடியவன். இப்போது ஐஸ் கட்டியும் மீன் பெட்டியும் வழங்கும் தொழில் செய்கிறேன்.

என்னுடன் வந்தது, தோல்வியை மறுநாள் காலைக்குள் உதறிவிடும் பழக்கம். ஏலம் கைதவறிப் போவதும், வண்டி பழுதாகி ஐஸ் உருகிப்போவதும் இத்தொழிலில் அன்றாடம் நடப்பவை. ஒரு செட்டை இழந்துவிட்டு அடுத்த செட்டுக்குக் களம் மாறி நின்றவனுக்கு அது பெரிய துன்பமாகத் தெரிவதில்லை. நேரம் தவறாமையும் வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கடலை நம்பி வாழும் எல்லோருக்கும் அது இருக்கிறது.

வராதது புள்ளிப் பலகை. ஆட்டத்தில் 25 புள்ளியை எட்டி, இரண்டு புள்ளி முன்னிலையும் இருந்தால்தான் செட் நம்முடையது. இதில் யாரும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது. கடையிலோ, கல்லாப்பெட்டி நிறைந்திருக்கும் நாளில்கூட நட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம், ஏனென்றால் அந்தப் பணத்தில் பாதி இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியாக இருக்கும். ஆகவே, ஒவ்வொரு முறை மீன் வாங்கும்போதும் பச்சை மீனின் எடை, விலை, உப்பு, கூலி, உலர்ந்தபின் எடை, விற்றது, வரவேண்டியது ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிவையுங்கள். நெத்திலியும் காரலும் ஒரே அளவில் வற்றுவதில்லை என்பது உங்கள் அம்மாவுக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். ஆனால் கடைக்காரரிடம் விலை பேசுகிற உங்களுக்கு அது எண்ணாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, போட்டிக்கால அட்டவணையைப் பார்த்து உடலைத் தயார்செய்தவர் நீங்கள். இங்கும் அப்படி ஓர் அட்டவணை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகா. நாட்டுப்படகு மீன் மட்டுமே கரைக்கு வருவதால் விலை ஏறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வெயிலை நம்பி உலர்த்த முடியாது. பொங்கலுக்குப் பிறகு தடைக்காலம் தொடங்கும் வரையிலான வெயில்தான் உங்களுக்குச் சரக்குச் சேர்க்கும் காலம். அதில் சோர்ந்திருந்தால் பிறகு எத்தனை உறுதி இருந்தும் பயனில்லை.

பதில்: எதிர்க்கேள்வி

வெற்றி பெற்ற வீரர்களை மட்டும் மேடையேற்றி, "விளையாட்டுதான் என்னைத் தொழிலதிபராக்கியது" என்று பேசவைக்கிறோம். அதே அளவு உழைத்துத் தொழிலில் தோற்ற வீரர்களை எந்த மேடையும் அழைப்பதில்லை. கையில் முதலீட்டுப் பணம் உள்ளவர் இரண்டு பருவம் நட்டத்தைத் தாங்கிக் காத்திருப்பார். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத் தொடங்கியவர் முதல் மழையிலேயே வெளியேறிவிடுவார். இருவருடைய மனவுறுதியும் சமமாகவே இருந்திருக்கலாம். முதலில் எத்தனை மாத நட்டத்தைத் தாங்க முடியும் என்று கணக்கிடுங்கள். கபடிச் சான்றிதழ்களைப் பிறகு பார்க்கலாம்.

பதில்: பாம்பன் வாசகன்

மேலே எழுதியவரின் கேள்வி கடுமையானதுதான், ஆனால் புறந்தள்ளக் கூடியதில்லை. அதற்கு நம் கடலிலேயே சான்று இருக்கிறது.

ஆங்கிலக் கால்வாயை 1958இல் நீந்திக் கடந்த முதல் இந்தியரான மிகிர் சென், 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகியிராத நேரம் அது. ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து நீடித்த அந்த நீச்சலுக்குப் பிறகு, அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் நீரிணைகளையும் பனாமா கால்வாயையும் கடந்தார். வழக்கறிஞருக்குப் படித்த அவர் பின்னாளில் பட்டு ஏற்றுமதியில் இறங்கி, நாட்டின் முன்னணி ஏற்றுமதியாளர்களில் ஒருவராகவும் உயர்ந்தார். அரசியலில் இறங்கிய பிறகு அந்தத் தொழில் சரிந்தது. நோயுற்று 1997இல் காலமானார். உப்புநீரில் ஒரு நாளுக்கும் மேலாகக் கைவீசிய மனிதரிடம் உறுதி போதவில்லை என்று யார் சொல்ல முடியும்? உறுதி ஒன்றே தொழிலைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் அவரைப் பற்றிப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் நெடுந்தூர நீச்சலில் உறுதியைவிட நான் பெரிதாக மதிக்கும் ஒரு வழக்கம் உண்டு. நீந்துபவருக்குத் துணையாக வரும் படகில் ஒரு பார்வையாளர் இருப்பார். நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு, எப்போது உணவு கொடுக்கப்பட்டது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவர் குறித்துக்கொண்டே வருவார். நீந்துபவர் படகைத் தொட்டுவிட்டால் அந்த நீச்சல் அத்துடன் முடிந்தது. உணவைக்கூடக் கயிற்றிலோ கழியிலோதான் நீட்டுவார்கள். உடல் களைத்து மனம் குழம்பிய நிலையில், "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று நீந்துபவர் அடம்பிடித்தாலும், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் படகில் இருப்பவருக்கு உண்டு. அந்த அதிகாரத்தை நீரில் இறங்குவதற்கு முன்பே, தெளிவான மனத்தோடு இருக்கும்போதே, நீந்துபவர் ஒப்புக்கொண்டிருப்பார்.

தொழிலில் நட்டப்படும்போது நம் நிலையும் ஏறக்குறைய அதுதான். அடுத்த சரக்கில் எடுத்துவிடலாம், அடுத்த பருவத்தில் எடுத்துவிடலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் பழகிய வீரர்களுக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தோன்றும் என்பது என் எண்ணம். ஆகவே, எவ்வளவு தொகையை இழந்தால் நிறுத்திவிட்டு மறுபரிசீலனை செய்வீர்கள் என்பதை இப்போதே எழுதி, உங்கள் படகில் உட்காரப்போகும் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

பதில்: சாயல்குடி பயிற்சியாளர்

வணக்கம் அம்மா. பள்ளி மாணவர்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். விடியற்காலையில் மைதானத்துக்கு வரவைத்தது பயிற்சியாளருடைய உறுதியாக இருக்கலாம். நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே ஏழு பேர் நிற்க, 30 விநாடிக்குள் யாரைத் தொடுவது, எப்போது திரும்புவது என்று முடிவெடுத்தது நீங்கள் மட்டுமே. எல்லைக்கு வெளியிலிருந்து நான் எவ்வளவு கத்தினாலும் ரைடருடைய காதில் விழுவதில்லை.

நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியவை என்று நான் நினைப்பவை வேறு. தொழில்முறைக் கபடியில் தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமையாகத் திரும்பினால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் ரைடர் வெளியே போக வேண்டும். பத்திரமாகப் போய்த் திரும்புவதையே ஆட்டமாக வைத்துக்கொள்ள அந்த விதி விடுவதில்லை. பாக்கி வைத்துக்கொண்டே சரக்குக் கேட்கும் கடைக்காரரிடம் நீங்கள் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு அது பொருந்தும், வெறுங்கையோடு திரும்பிக்கொண்டே இருக்கக் கூடாது.

அடுத்தது, வெளியேறிய ஆட்டக்காரர் தானாக உள்ளே வர முடியாது. அணியில் வேறொருவர் புள்ளி எடுத்தால்தான் அவருக்கு உயிர் வரும். உங்கள் அம்மாவும் சித்தியும் அந்த வேறொருவர். நீங்கள் அணித்தலைவி என்றாலும் கருவாட்டில் அவர்கள்தாம் மூத்த ஆட்டக்காரர்கள் என்பதை மறக்க வேண்டாம். பூஞ்சை பிடித்ததென்று ஒரு கடை சரக்கைத் திருப்பி அனுப்பினால், "யார் செய்தது?" என்று வீட்டில் குரல் உயர்த்தினால் மறுநாள் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். ஆட்டம் முடிந்தபின் நாங்கள், தடுப்பாட்டத்தில் கார்னரில் நின்றவர் முந்திப் பாய்ந்தாரா, கவரில் நின்றவர் பிந்தினாரா என்று பேசுவோமே தவிர, அவர் நல்லவரா கெட்டவரா என்று பேசுவதில்லை. அப்படியே எந்த நாள் உலர்த்தியது, எந்தப் பரண், உப்பு எவ்வளவு, ஈரம் இருக்கும்போதே பொட்டலமிட்டதா என்று கேளுங்கள். அதற்குப் பொட்டலத்தில் தொகுதி எண், அதாவது அது எந்த நாள், எந்தப் பரணில் உலர்த்திய சரக்கு என்று காட்டும் எண், இருக்க வேண்டும். அது இல்லாமல் பொறுப்பேற்பதாகச் சொல்வது வெறும் பேச்சு.

கேள்வி கேட்டவர்: தொண்டிக்கரை

மண்டபம் அண்ணனுக்கும், ஐயாக்களுக்கும், எதிர்க்கேள்வி எழுப்பியவருக்கும் நன்றி. தொகுதி எண்ணைப் பற்றி வீட்டில் பேசினேன். சித்தி ஏற்கெனவே ஒவ்வொரு கூடைக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதையே எண்ணாக மாற்றப்போகிறோம். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. படகில் உட்காரும் பார்வையாளராக உறவினரை வைத்துக்கொள்ளலாமா, வெளியாள்தான் வேண்டுமா? கடைகள் ஒரு மாதக் கடனுக்குச் சரக்குக் கேட்கின்றன. புதிதாக வருபவள் மறுத்தால் வாசலிலேயே அனுப்பிவிடுவார்களோ என்று தயங்குகிறேன்.

பதில்: வங்கியில் இருந்தவள், இராமநாதபுரம்

வெளியாளே நல்லது, மகளே. உங்களுக்குக் கடன் கொடுத்தவராகவோ, உங்களிடம் சரக்கு வாங்குபவராகவோ இல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரோ, வேறு தொழில் செய்யும் ஒருவரோ போதும். மாதத்தில் ஒரு தேதியைக் குறித்து, லாபமோ நட்டமோ, கணக்கு நோட்டோடு அவர் முன் போய் உட்காருங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் தவணைகள் பெரும்பாலும் ஒழுங்காக வருவதற்கு, ஒவ்வொருவர் கணக்கும் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்படுவது ஒரு முக்கியக் காரணம் என்பதை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். அம்மாவுக்கும் சித்திக்கும் அதிலிருந்து மாதக் கூலி எழுதுங்கள். வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் காட்டும் லாபத்தை நான் லாபமாக ஏற்பதில்லை.

மானியக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியத் தொகை கைக்கு வருவதில்லை. 3 ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் உண்மையில் நடப்பதை நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே கடனில் கழிக்கப்படும். அந்தப் பணத்தை நம்பிச் செலவுத் திட்டம் போடாதீர்கள்.

கடனுக்குச் சரக்குக் கேட்பவர்களை அடியோடு மறுக்க வேண்டியதில்லை. முதல் தடவை சிறிய அளவில், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணும் உலர்த்திய தேதியும் அச்சிட்ட பொட்டலங்களாகக் கொடுங்கள். எந்தத் தேதிக்குள் பணம் வரவேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தொகை உங்கள் கணக்கில் ஏறிய பின்னரே இரண்டாவது மூட்டை மதுரைப் பேருந்தில் ஏறட்டும். தடைக்காலத்தில் சரக்குக் குறையும்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்ற பட்டியலையும், ஒழுங்காகப் பணம் தந்தவர்களை வைத்து இப்போதிருந்தே எழுதத் தொடங்குங்கள்.