சீதன வீட்டு அலுமாரியில் பழைய விளையாட்டுச் சாமான்கள்: எதை வைத்திருப்பது, எதைக் கொடுப்பது?

கேள்வி: கல்லடி மூத்தவள்

கல்லடியில் உள்ள எங்கள் தாய் வீடு தங்கச்சிக்குச் சீதனமாக எழுதப்பட்டு, தை மாதத்தில் அவளுக்குத் திருமணம் நடைபெறவிருப்பதால், பின் அறையில் உள்ள மர அலுமாரியையும் தகரப் பெட்டியையும் அதற்குள் வெறுமையாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் எங்கள் மூவருடைய விளையாட்டுச் சாமான்களே நிறைந்திருக்கின்றன. சுவிஸிலிருந்து மாமா அனுப்பிய லெகோ கட்டைகள், கையும் காலும் பிசுபிசுக்கத் தொடங்கிவிட்ட ஒரு றப்பர் பாவைப்பிள்ளை, பற்றரி கழற்றப்படாமலே கிடந்த ரிமோட் கார், இரண்டு கரடிப் பொம்மைகள், மாமாங்கத் திருவிழாக் கடையில் வாங்கிய மண் சட்டி பானைகள், அம்மம்மா பழைய சீலையில் தைத்துத் தந்த துணிப் பாவை, ஒரு கரம் பலகை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

அனைத்தையும் முன்பள்ளிக்குக் கொடுத்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார். கத்தாரில் இருக்கும் தம்பியோ தான் வரும்வரை எதிலும் கை வைக்க வேண்டாம் என்கிறான். கல்முனையில் நாங்கள் இருக்கும் வீட்டில் ஒரு சிறிய பெட்டிக்கு மட்டுமே இடம் உண்டு. எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். எந்த அளவுகோலை வைத்துப் பிரிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டும்.

பதில் 1: முன்பள்ளி ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

சகோதரி, உங்கள் அம்மாவின் எண்ணம் நல்லதுதான், ஆனால் முன்பள்ளிகளுக்கு இவ்வாறு வந்து சேரும் மூட்டைகளில் பாதிக்கு மேல் எங்களால் பயன்படுத்த முடியாதவையாகவே இருக்கின்றன என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கழுவித் துடைக்கக்கூடிய, பல பிள்ளைகள் சேர்ந்து விளையாடக்கூடிய, பற்றரி தேவையில்லாத பொருட்களே எங்களுக்கு உதவும். உங்கள் பட்டியலில் லெகோ கட்டைகள் அப்படிப்பட்டவை. கரடிப் பொம்மைகளை நாங்கள் ஏற்பதில்லை, ஏனெனில் மாரிக் காலத்தில் அவற்றைக் கழுவினால் உள்ளே இருக்கும் பஞ்சு நாட்கணக்கில் உலராமல் பூஞ்சணம் பிடித்துவிடும்.

லெகோவைக் கொடுக்கும்போதும் வயதைப் பார்த்துக் கொடுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைச் சோதிப்பதற்கு 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துவார்கள். எந்தவொரு துண்டு அதற்குள் முழுமையாக அடங்கிவிடுகிறதோ, அது தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கருதப்படும். சிறிய லெகோ கட்டைகள் அதற்குள் தாராளமாக அடங்கும். ஆகவே கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அவை ஏற்றவையல்ல.

பாட்டுப் பாடும் அட்டைகள், ஒளிரும் சிறு பொம்மைகள் போன்றவை பெட்டியின் அடியில் கிடந்தால் இன்னும் கவனம் தேவை. அவற்றிலுள்ள பொத்தான் பற்றரியை ஒரு குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையான எரிகாயத்தை உண்டாக்கிவிடும். பற்றரி மூடி திருகாணியால் பூட்டப்படாத எந்தப் பொருளையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

பதில் 2: காத்தான்குடி திருத்துநர்

மின்சாதனங்களும் பிளாஸ்டிக் பொருட்களும் திருத்துவது என் தொழில் என்பதால் பொருளின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

றப்பர் என்று நீங்கள் எழுதிய பாவைப்பிள்ளை பெரும்பாலும் பிவிசி என்னும் பிளாஸ்டிக்காக இருக்கும். இயல்பில் விறைப்பான பிவிசியை மென்மையாக்குவதற்காகச் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற பொருள், வெப்பத்திலும் காலத்திலும் மெல்ல மேற்பரப்புக்கு வந்துவிடுவதுதான் அந்தப் பிசுபிசுப்பு. கழுவினால் சில நாட்களுக்குப் போகும், பிறகு திரும்பவும் வரும். அக்காலத்தில் இதற்காகத் தலேற்று வகைச் சேர்மங்களையே அதிகம் பயன்படுத்தினார்கள். அவற்றுள் சிலவற்றை விளையாட்டுச் சாமான்களில் சேர்ப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் தற்காலிகமாகவும் 2005இல் நிரந்தரமாகவும் தடை விதித்தது. எனவே அந்தப் பாவையை உங்கள் மகளுக்கும் கொடுக்கக்கூடாது, ஏழைப் பிள்ளைக்கு என்று வேறொருவருக்கும் கொடுக்கக்கூடாது. நினைவுக்காக வைத்திருப்பதென்றால் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றாமல், மற்றப் பிளாஸ்டிக் பொருட்களில் படாதவாறு, வெயில் விழாத இடத்தில் தனியாக வையுங்கள்.

லெகோவைப் பற்றி அச்சமே தேவையில்லை. 1958ஆம் ஆண்டுக்குப் பிந்திய கட்டைகள் இன்று கடையில் விற்கப்படும் கட்டைகளோடும் பொருந்தும். 40 பாகை செல்சியஸுக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

ரிமோட் காரில் பற்றரி கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அல்கலைன் வகையாக இருந்தால், வெண்மையாகப் படிந்திருப்பதைத் தேசிப்புளியில் தோய்த்த பஞ்சினால் துடைத்து எடுக்கலாம். ஆயினும் கல்லடிக் கடற்காற்றில் இவ்வளவு காலம் கிடந்த செப்புத் தகடுகள் அரித்துப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். ஓடாத காரை அன்பளிப்பாகக் கொடுப்பது, குப்பையை இன்னொருவர் வாசலில் வைப்பதாகத்தான் முடியும்.

இன்னொன்று: பெட்டிக்குள் நப்தலீன் உருண்டை போடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். உங்கள் தங்கச்சி வீட்டில் நாளை ஒரு குழந்தை பிறக்கலாம் அல்லவா?

பதில் 3: காரைதீவு வாசகர்

மேலே உள்ள இருவரும் எதைக் கொடுக்கலாம் என்பதற்கு நன்றாகவே பதில் சொல்லிவிட்டார்கள். எதை வைத்திருப்பது என்பதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது என்னுடைய சிறுவயதுச் சாமான்கள் எல்லாமே போய்விட்டன. இன்று நினைத்துப் பார்த்தால், விலைகூடிய எந்தப் பொம்மையையும் நான் தேடுவதில்லை, ஏனென்றால் அவை அனைத்தும் ஏதோ ஒரு கடையில் இன்னும் கிடைக்கின்றன. என் அப்பா பனங்காயில் செய்து தந்த வண்டி மட்டும் எங்கும் கிடைக்காது.

நம் வீடுகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்காக லெகோவைப் பூட்டி வைத்துவிட்டு, துணிப் பாவையைத் தரை துடைக்கப் போட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால் லெகோவைத் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். அம்மம்மாவின் கைத்தையல் உள்ள பாவையையும் மாமாங்கத்துச் சட்டி பானைகளில் உடையாத இரண்டொன்றையும் உங்கள் சிறிய பெட்டியில் வையுங்கள். துணிப் பாவையை நன்றாக வெயிலில் காயவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, சுவரையும் நிலத்தையும் தொடாத உயரத்தில் வைத்தால் கறையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்பும்.

தம்பியின் சொல்லையும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தை தாயை விட்டு மெல்ல விலகிப் பழகும் காலத்தில் பற்றிக்கொள்ளும் போர்வையோ பொம்மையோ அதற்குச் சாதாரணப் பொருளல்ல என்று இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகொட் 1953இல் வெளியான கட்டுரையொன்றில் விளக்கியிருக்கிறார். அந்த இரண்டு கரடிகளில் ஒன்று தம்பிக்கு அப்படிப்பட்டதாக இருந்திருக்கக்கூடும். எல்லாவற்றையும் பாயில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பி, எது வேண்டும் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். பொதுவாக எதையும் எறியாதே என்று சொல்பவர்கள் கூட, படத்தைப் பார்த்தால் ஒன்றிரண்டைத்தான் கேட்பார்கள்.

கல்லடி மூத்தவள்

மூவருக்கும் மிக்க நன்றி. படம் அனுப்பியதும் தம்பி ஒற்றைக் கண் கரடியை மட்டும் கேட்டான். காரைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. துணிப் பாவையும் அந்தக் கரடியும் இரண்டு மண் சட்டிகளும் என்னோடு கல்முனைக்கு வருகின்றன. லெகோவில் ஒரு பகுதியை மகள் எடுத்துக்கொள்ள, மீதியை முன்பள்ளிக்குக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம். றப்பர் பாவைப்பிள்ளையை அப்புறப்படுத்த அம்மா இன்னும் உடன்படவில்லை, அதை அவரிடமே விட்டுவிட்டேன். கரம் பலகைதான் மிஞ்சியிருக்கிறது; நடுப்பகுதி சற்றுப் பதிந்துவிட்டது.

காரைதீவு வாசகர்

வாசிகசாலைக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ கேட்டுப் பாருங்கள் தங்கச்சி. பலகை ஈரத்தில் பதிந்திருந்தால் காய்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடும், ஆட முடியாது. ஒரு நேரான மட்டக்கோலை மேலே குறுக்காக வைத்து, இடைவெளி தெரிகிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.