ஒட்டுக்கட்டில்: தாயின் கட்டிலோடு பொருத்தும் குழந்தைப் படுக்கைக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தாயின் கட்டிலோடு சேர்த்துக் கட்டி, அந்தப் பக்கத்துத் தடுப்பை மட்டும் இறக்கிவைக்கும் குழந்தைப் படுக்கைக்கு 'அருகுத்தொட்டில்', 'கட்டிலோரத் தொட்டில்' என்று இரண்டு சொற்கள் நம் கலைச்சொல் பட்டியலுக்கு இதுவரை வந்துள்ளன. இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. 'ஒட்டுக்கட்டில்' என்று வைக்கலாம் என்கிறேன்.

முதலில் தொட்டில். எங்கள் குமரி மாவட்டத்தில் தொட்டில் என்றால் உத்திரத்திலோ கான்கிரீட் கூரையின் கொக்கியிலோ தொங்கும் சேலைதான் நினைவுக்கு வரும். ஆடுவதும் குழிவதும் அதன் இயல்பு. துணி குழியும்போது பிள்ளையின் முதுகு வளைந்து முகவாய் நெஞ்சில் அழுந்தும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குத் தலையை நிமிர்த்திக்கொள்ள வலுவில்லை, மூச்சுப்பாதை ஒடுங்கிவிடும். நாம் பெயர் தேடும் பொருளோ ஆடக் கூடாது, சரியக் கூடாது, குழியவும் கூடாது. மல்லாந்த நிலை, உறுதியான சமதளம், தலையணையும் போர்வையும் இல்லாத வெறும் விரிப்பு: அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரை கேட்பது இவற்றைத்தான். இந்தக் குணங்கள் கட்டிலுக்கு உரியவை.

அடுத்து 'அருகு', 'ஓரம்'. பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் போதும் என்ற எண்ணத்தை இவை தந்துவிடும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில், கைபேசியில் வந்த படத்தைத் தச்சரிடம் காட்டி அயனி மரத்தில் ஒன்று செய்வித்திருந்தார்கள். அருமையான வேலை, எங்கே தடவினாலும் கையில் ஒரு சிராய் ஏறாது. ஆனால் கட்டிலோடு பிணைக்க வார் இல்லை. தாய் புரண்டு படுத்தால் அது நகர்ந்தது. இரு மெத்தைகளுக்கும் நடுவே என் உள்ளங்கை செங்குத்தாக இறங்கியது. அந்த இடுக்கில் பாட்டி ஒரு துவர்த்தை, அதாவது துண்டை, சுருட்டித் திணித்திருந்தார். பேரப்பிள்ளை மேல் உள்ள அக்கறையால் செய்ததுதான். ஆனாலும் துணி கிளம்பி வந்தால் குழந்தையின் முகத்தை மூடும். கிளம்பாவிட்டாலும் இடுக்கு கண்ணுக்கு மறையுமே தவிர இல்லாமல் போகாது. அமெரிக்காவில் இவ்வகைப் படுக்கைக்கென்றே 2014-இல் தனியாகக் கட்டாயத் தரவிதி வந்தது. குழந்தை இடுக்கில் சிக்காதபடி பார்ப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

ஆகவே பெயரிலேயே 'ஒட்டு' இருக்கட்டும். 'ஒட்டுக்கட்டில் செய்துகொடுங்கள்' என்று கேட்டால், எதோடு ஒட்ட வேண்டும், எந்த உயரத்தில் என்று தச்சரே திருப்பிக் கேட்பார். ஒட்டு என்றால் ஒட்டுமாங்கன்றுதான் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஒட்டுத்திண்ணையும் ஒட்டுக்குடித்தனமும் நம்மிடம் உண்டே! ஒரே கூரைக்குக் கீழே தனி அடுப்பு வைப்பது ஒட்டுக்குடித்தனம். இங்கேயும் அறை ஒன்று, படுக்கை வேறு. பச்சை உடம்புக்காரி எழுந்து நடக்காமல், கை நீட்டிப் பிள்ளையை எடுத்துப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப அதன் இடத்திலேயே கிடத்தலாம்.

இதனாலேயே 'உடனுறக்கம்' என்ற சொல்லையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஓர் அறையில் உறங்குவதையும் ஒரே பாயில் உறங்குவதையும் அது குழப்புகிறது. குறைந்தது முதல் 6 மாதம் தாயின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் என்பது மருத்துவர்கள் சொல்வது. 'ஓரறை உறக்கம்', 'ஒரே பாய் உறக்கம்' என இரண்டாகப் பிரித்தால் படிக்கும் தாய்க்குச் சந்தேகமே வராது.

பயன்பாட்டை எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்விளக்கத்தில் சேர்க்க வேண்டுகிறேன். குழந்தை கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி எழும்பத் தொடங்கியதும் ஒட்டுக்கட்டில் ஆகாது. பெரும்பாலும் 5-ஆம் மாதம் அளவில் இது நிகழும். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்பது இதுதான். 'செங்கீரை வரை' என்று விளக்கத்தில் எழுதினால் எத்தனை கச்சிதம்!

பிணைக்கும் வாருக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'கட்டுவார்' என்பது வினைமுற்றாக ஒலிக்கிறது. 'பிணைப்பட்டை' பொருந்துமா? இறக்கிவைக்கும் பக்கத்துக்குத் 'தாழ்தடுப்பு' என்று குறித்து வைத்திருக்கிறேன். மரவேலை தெரிந்தவர்கள் இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து