நரம்பில் மட்டும் ஆர்.என்.ஏ.ஐ. எடுபடவில்லை, வழி சொல்லுங்களேன்

வணக்கம். சி. எலிகன்ஸ் என்ற நுண்ணிய உருளைப்புழுவில், நரம்பணுக்கள் சமிக்ஞை அனுப்பத் தேவையான அன்க்-13 மரபணுவை ஆர்.என்.ஏ.ஐ. (இரட்டை இழை ஆர்.என்.ஏ.வால் மரபணுவை அடக்குதல்) வழியாக, அந்த ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும் பாக்டீரியாவை உணவாகத் தரும் ஊட்டல் முறையில் அடக்கப் பார்க்கிறோம். எச்.டி.115 பாக்டீரியா, மரபணுத் துண்டைச் சுமக்கும் எல்4440 பிளாஸ்மிட் (வளைய டி.என்.ஏ.). தட்டில் ஆர்.என்.ஏ. உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி. 1 மில்லிமோலார், நுண்ணுயிர்க்கொல்லியான கார்பெனிசிலின் மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம். இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியான டெட்ராசைக்ளின் தட்டில் சேர்ப்பதில்லை, அடக்கும் திறனே குறைந்துவிடும். எல்4 (கடைசி இளம்புழு) பருவப் புழுக்களை விட்டு, 20 டிகிரியில் வைத்து, அடுத்த தலைமுறையைப் பார்க்கிறோம்.

முறை வேலை செய்கிறதா என்று பார்க்க, தசை மரபணுவான அன்க்-22ஐ அடக்கும் கட்டுப்பாட்டுத் தட்டில் புழுக்கள் நெளிவதை விட்டு உடம்பெல்லாம் வெடவெடவெனத் துடிக்கின்றன. ஆக தட்டு, பாக்டீரியா, தூண்டல் மூன்றும் சரி. அன்க்-13 தட்டிலோ, முடங்கிக் கிடக்க வேண்டியவை சாதாரணமாக ஊர்கின்றன. நரம்புச் சமிக்ஞை வழியே தசையை முடக்கும் ஆல்டிகார்ப் மருந்தில் (1 மில்லிமோலார்) 2 மணி நேரம் விட்டுப் பிளாட்டினம் கம்பியால் தலையிலும் வாலிலும் தொட்டுப் பார்த்தால், வெற்று எல்4440 உண்ட புழுக்களைப் போலவே இவையும் அசைவதில்லை. அடக்கம் நடந்திருந்தால் மருந்தைத் தாங்கியிருக்க வேண்டும்.

பிளாஸ்மிடில் உள்ள துண்டை வரிசைப்படுத்திப் பார்த்தாயிற்று, அன்க்-13தான். காரணம் பெரும்பாலும் நரம்பணுக்களே. இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உள்ளே விடும் சிட்-1 புரதம் அவற்றில் மிகக் குறைவு. என்2 (இயல்பு வகை) புழுவில் தசைக்கும் குடலுக்கும் எடுபடுவது நரம்புக்கு எடுபடாது.

ஆர்.என்.ஏ.ஐ.க்கு எளிதில் இணங்கும் ஆர்.ஆர்.எஃப்-3 பிறழ்வு வகைக்கு மாறலாமா, நரம்பில் சிட்-1 கூடுதலாக வெளிப்படும் வகையே மேலா? முன்னது 25 டிகிரியில் மலடாகிவிடும், குட்டிகளின் எண்ணிக்கையும் குறையும் என்பதுதான் தயக்கம். இரண்டையும் அன்க்-13க்குப் பயன்படுத்தியவர்கள் எந்த வெப்பநிலையில், எத்தனை தலைமுறை ஊட்டினீர்கள் என்று சொன்னால் பேருதவி.