கல்லுப்புச் சாடியில் நீர் தேங்குவது ஏன்?

கேள்வி:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். மாமியார் காலத்துப் பீங்கான் சாடியில்தான் இன்றும் கல்லுப்பைக் கொட்டி, மரமூடியால் மூடி வைக்கிறேன். அடைமழை நாள்களில் உப்பு நசநசத்து, சாடியின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு நீர் தேங்கிவிடுகிறது. அதைத் தொட்டு நாவில் வைத்தபோது உப்போடு ஒரு கசப்பும் தெரிந்தது. அதே அடுக்கில் சீசாவில் இருக்கும் தூளுப்போ உதிரியாகவே இருக்கிறது. இதற்குக் காரணம் என்ன? வறுத்து வைத்தால் சரியாகுமா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்):
அம்மா, நீங்கள் உணர்ந்த அந்தக் கசப்பிலேயே விடை இருக்கிறது. தூய உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் ஒட்டியிருந்து கசப்பைத் தரும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். நம் ஊர்க் காற்று நண்பகலில்கூட அவ்வளவு காய்வதில்லை என்பதால், மரமூடியின் இடுக்கு வழியே அது ஓயாமல் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரவில் ஈரம் ஏறும்போது உப்பும் சேர்ந்து கரைகிறது. தூளுப்பிலிருந்து மெக்னீசியத்தைப் பெருமளவு நீக்கி, கட்டி பிடிக்காதிருக்க வேறொரு பொருளையும் சிறிதளவு சேர்க்கிறார்கள்.

வறுத்தால் ஈரம் போகும், மெக்னீசியம் போகாது. ஆறியதும் மறுபடி கசியும். அதைவிட, இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்த நீரில் கல்லுப்பை அலசி, வடித்து, நன்கு வெயிலில் காயவையுங்கள். ஏற்கெனவே உப்பு நிறைந்த நீர் என்பதால் கல்லுப்பு கரையாது, மெக்னீசியம் குளோரைடு மட்டும் கழுவப்பட்டுவிடும். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பை அம்பாரமாகக் குவித்து வைப்பதும் இந்தக் கசப்பு நீர் வடிவதற்காகத்தான்.

மறுமொழி 2 (தோட்டத்து உரக் கொட்டகையில் வேலை செய்தவர்):
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நீரில் கரையும் இப்படிப்பட்ட இரண்டு பொருள்கள் கலந்தால், தனித்தனியே இருப்பதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். உரத்தில் இதைக் கண்ணாரக் காணலாம்: 30 பாகை வெப்பத்தில் யூரியா 70 விழுக்காட்டுக்கு மேலும், அம்மோனியம் நைட்ரேட் 59 விழுக்காட்டிலும் ஈரத்தை இழுக்கும், இரண்டையும் கலந்துவிட்டால் 18 விழுக்காடே போதும். கொட்டகையில் ஒருமுறை இரண்டும் சிந்திக் கலந்த இடத்தில், மறுநாள் காலை சிமெண்டுத் தரையில் கூழ்தான் கிடந்தது. ஆகவே, அலசிக் காயவைத்த உப்பைப் பழைய உப்போடு சேர்க்காமல், சாடியைக் கழுவித் துடைத்த பிறகு போடுங்கள். மரமூடிக்குப் பதில் ரப்பர் வளையம் வைத்த மூடி நல்லது. அலசிய நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வேர் பட்டுப்போகும்.